சிசேரியனில் பிறந்த குழந்தை குண்டாகிவிடுமா?

தொண்டியார்பேட்டையில் உள்ள ஒரு மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில், தடுப்பூசி போடும் புதன்கிழமை காலையில், ஒன்றே கால் வயதைத் தாண்டிய ஓர் ஆண் குழந்தையை எடைக்கருவியின் தட்டில் உட்கார வைத்தார்கள். முள் 13.4 கிலோவில் நின்றது. பதினாறு மாத ஆண் குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால், உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடப்படி நடுவில் நிற்கும் குழந்தையின் எடை ஏறத்தாழ 10.5 கிலோ. தாய் சேய் நல அட்டையில் செவிலியர் வைத்த புள்ளி மேல் கோட்டையும் தாண்டி விழுந்தது. அவர் வாய் திறப்பதற்குள் குழந்தையின் ஆயா, அதாவது பாட்டி, பதில் சொல்லிவிட்டார்: "ஆப்ரேசன் பண்ணி எட்த்த புள்ள சிஸ்டர், அத்தான் இப்டி ஊதிகினு கீது." குழந்தையின் தாய் ஒன்றும் பேசாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆயா சொன்னதைப் படிப்பறிவில்லாத பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அறுவை மூலம் பிறந்தவர்கள் பிற்காலத்தில் சற்றுக் கூடுதல் எடையுடன் இருக்கிறார்களா என்ற கேள்வியை அமெரிக்கா, பிரிட்டன், சுவீடன் முதலிய நாடுகளின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். சில ஆய்வுகள் ஆம் என்கின்றன, சில இல்லை என்கின்றன. இந்த இரண்டு பதில்களும் எப்படி வந்தன, எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை, மருத்துவம் படிக்காதவருக்கும் புரியும் வகையில் விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இயல்பான வழியில் பிறப்பதை நாம் சுகப்பிரசவம் என்கிறோம். இருபது மணி நேரம் வலியில் துடித்த பெண்ணிடம் அதைச் சுகம் என்று சொல்லிப் பார்த்தால் என்ன பதில் கிடைக்கும் என்பது வேறு கதை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ஒன்று சுகம் என்றால் மற்றது குறை என்றாகிவிடுகிறது, அந்தக் குறை தாயின் கணக்கில் எழுதப்படுகிறது. ஆகவே இங்கே இயல்புப் பேறு, அறுவைப் பேறு என்றே எழுதுகிறேன். பேச்சில் எல்லோரும் சொல்லும் சிசேரியன் என்ற சொல்லும் இடையிடையே வரும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை இரண்டு எண்களே காட்டிவிடும். 2015-16இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் நூற்றுக்கு 34.1 பேறுகள் அறுவை மூலம் நடந்தன. 2019-21இல் அது 44.9 ஆனது. அதே காலத்தில் இந்திய சராசரி 21.5. தனியார் மருத்துவமனைகளில் விகிதம் இன்னும் உயரம். வடசென்னையில் ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை முதல் திருவொற்றியூர், பெரம்பூர், கொடுங்கையூர் தெருக்களின் சிறிய நர்சிங் ஹோம்கள் வரை எங்கே விசாரித்தாலும், ஏதாவதொரு குடும்பத்தில் ஒரு பிள்ளை இப்படியும் ஒரு பிள்ளை அப்படியும் பிறந்திருக்கும். சிசேரியனால் எடையில் உண்மையாகவே ஒரு பாதிப்பு இருக்குமானால், அது ஏறக்குறைய பாதிக் குழந்தைகளைத் தொடும்.

எடை என்று இங்கே சொல்வது தராசு காட்டும் கிலோவை மட்டும் அல்ல. உயரமானவர் இயல்பாகவே கூடுதல் எடையுடன் இருப்பார் என்பதால், உடல் நிறை எண் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அது 25. உலக அளவில் 25ஐத் தாண்டினால் அதிக எடை, 30ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று கொள்கிறார்கள். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், இங்குள்ள மருத்துவர்கள் 23, 25 என்ற எல்லைகளைக் கையாள்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கு இந்த எல்லைகள் பொருந்தா. அவர்களை வயதுக்கேற்ற வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி ஆம் என்று சொல்லும் ஆய்வுகளுக்கு வருவோம். 2014இல் லண்டன் ஆய்வாளர்கள், பல நாடுகளில் அதற்குமுன் நடந்த 15 ஆய்வுகளைச் சேர்த்து, 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாக ஆராய்ந்தார்கள். அறுவையில் பிறந்து வளர்ந்த பெரியவர்களின் உடல் நிறை எண், இயல்பாகப் பிறந்தவர்களைவிடச் சராசரியாக 0.44 கூடுதலாக இருந்தது. கேட்கும்போது ஏதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அந்த 0.44 என்பது சுமார் 1.1 கிலோ. பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் ஏறக்கூடிய எடை அது. கோடிக்கணக்கானவர்களின் சராசரியாகப் பார்த்தால் அதற்கும் பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டி இவன் குண்டாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல அந்த அளவு போதாது.

2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுதான் செய்தித்தாள்களில் அதிகம் அடிபட்டது. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களின் 22,068 பிள்ளைகளைச் சிறுவயது முதல் இளமைப் பருவம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அறுவையில் பிறந்தவர்களுக்கு உடல்பருமன் வரும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. இந்த 15 சதவீதத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அறுவையில் பிறந்த நூறு பேரில் 15 பேர் குண்டாகிறார்கள் என்பது இதன் பொருள் அன்று. கணக்குக்காக ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அங்கே இயல்பாகப் பிறந்த 200 பிள்ளைகளில் 20 பேர் பருமனாக இருந்தால், அறுவையில் பிறந்த 200 பிள்ளைகளில் 23 பேர் அப்படி இருப்பார்கள். வித்தியாசம் மூன்று பிள்ளைகள். மீதி 20 பேர் எப்படிப் பிறந்திருந்தாலும் பருமனாகத்தான் ஆகியிருப்பார்கள்.

ஒரே குடும்பத்துக்குள் அறுவையில் பிறந்த பிள்ளையையும் இயல்பாகப் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டபோதும் வித்தியாசம் மறையவில்லை என்பதே அந்த ஆய்வின் பலமான பகுதி. ஒரே தாய், ஒரே அடுப்பு, ஒரே வருமானம் என்பதால் இத்தகைய ஒப்பீட்டுக்கு மதிப்பு அதிகம். அதைப் பிறகு பார்ப்போம்; முதலில் ஒரு கேள்வி எழுகிறது. பிறந்த வழிக்கும் இருபது வயது இடுப்புக்கும் இடையே என்னதான் சம்பந்தம் இருக்க முடியும்?

இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம் குடலில் வாழும் நுண்ணுயிரிகளைப் பற்றியது. நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை புளிக்க வைத்து, உடலுக்குப் பயன்படும் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பசி, நிறைவு ஆகியவற்றைச் சொல்லும் ஹார்மோன்களிலும் அவற்றின் கை இருக்கிறது. தோசை மாவு புளிக்கும் வீட்டில் இதை விளக்குவது எளிது: பழைய மாவில் ஒரு கரண்டி புது மாவில் கலந்தால் எந்தக் கிருமி முதலில் போய்ச் சேர்கிறதோ அதுவே அந்தப் பாத்திரத்தின் புளிப்பைத் தீர்மானிக்கிறது. பிறக்கும் குழந்தையின் குடலும் ஏறக்குறைய புது மாவுதான். இயல்பாகப் பிறக்கும் குழந்தை, பிறப்புப் பாதையில் இருக்கும் பாக்டீரியாக்களையும், அதன் அருகே தாயின் மலக்குடலிலிருந்து வரும் பாக்டீரியாக்களையும் முதலில் பெறுகிறது. அறுவையில் பிறக்கும் குழந்தைக்குத் தோலில் வாழ்பவையும் மருத்துவமனைச் சூழலில் உள்ளவையும் முந்திக்கொள்கின்றன. 2010இல் வெனிசுவேலாவின் அமேசானாஸ் மாநிலத்தில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்த ஒரு குழு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது.

குடல் பாக்டீரியாக்கள் எடையைத் தொடக்கூடியவை என்பதற்கு எலிகளிடம் சான்று உண்டு. இரட்டையரில் ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்த மனித ஜோடிகளின் குடல் பாக்டீரியாக்களை எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் வயிற்றில் வைத்தார்கள். பருமனானவரின் பாக்டீரியாக்களைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்புக் கூடியது. 2013இல் இது வெளியானது. 2017இல் நியூயார்க் ஆய்வாளர்கள் எலிகளுக்கே சிசேரியன் செய்து பார்த்தார்கள். அறுவையில் எடுத்த குட்டிகள் பதினைந்தாவது வாரத்தில் மற்றவற்றைவிட 33 சதவீதம் கூடுதல் எடையுடன் இருந்தன, குறிப்பாகப் பெண் குட்டிகள்.

இதோடு நிறுத்திவிட்டால் ஆயா சொன்னது சரி என்று முடித்துவிடலாம். ஆனால் எலி வளர்வது ஒரே மாதிரியான கூண்டில், ஒரே மாதிரியான தீவனத்தில். காசிமேட்டுக் குழந்தை பிறந்த மறுநாளே அத்தையின் விரலைச் சப்புகிறது, தரையில் விழுந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போடுகிறது, எல்லோர் மடியிலும் தவழ்கிறது. பிரிட்டனில் கிட்டத்தட்ட 600 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், முதல் சில வாரங்களில் இரு தரப்பு பாக்டீரியாக்களும் மிகவும் வேறுபட்டிருந்தன. ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. பாக்டீராய்டஸ் என்ற வகை மட்டும் அறுவைக் குழந்தைகள் பலரிடம் அப்போதும் குறைவாகவே இருந்தது. குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைத்ததா என்பதும் இந்தக் கணக்கில் குறுக்கிடுகிறது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சிக்கலான சர்க்கரைகள் சில உண்டு. அவை குழந்தைக்காக அல்ல, குழந்தையின் குடலில் உள்ள பிபிடோ பாக்டீரியாக்களுக்கான சாப்பாடு. அறுவைக்குப் பிறகு வலி, மயக்கம், படுத்தபடியே இருக்க வேண்டிய நிலை ஆகியவற்றால் முதல் பால் கொடுப்பது தள்ளிப்போகிறது. வெட்டுவதற்கு முன் தொற்றைத் தடுக்கத் தாய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசியும் போடுகிறார்கள், அதுவும் போட்டே ஆக வேண்டியது. ஆகவே வேறுபாடு வயிற்றைத் திறந்ததாலா, ஊசியாலா, பால் தாமதமானதாலா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

இனி இந்த விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றில் பாதி மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஐஸ்கட்டி அதிகம் விற்கும் நாட்களில் மீன் விலை இறங்கியிருக்கும். ஐஸ் வண்டிகள் சும்மா நிற்கும் நாட்களில் சங்கரா, வஞ்சிரம் எல்லாம் கிட்டே போக முடியாத விலையில் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். இந்த இரண்டையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதிவந்த வெளியூர்க்காரர் ஒருவர், ஐஸ் விற்பனையைக் கூட்டினால் மீன் விலை குறையும் என்று முடிவுக்கு வரக்கூடும். துறைமுகத்தில் கூடை சுமக்கும் சிறுவன்கூட அவரைப் பார்த்துச் சிரிப்பான். மீன்வரத்து அதிகமானால் ஐஸும் விற்கும், விலையும் இறங்கும். நோட்டில் எழுதப்படாத மூன்றாவது சரக்கு ஒன்று இரண்டையும் இழுத்துக்கொண்டு போகிறது.

அறுவைப் பேற்றுக்கும் குழந்தையின் எடைக்கும் பின்னால் நிற்கும் அந்த மீன்வரத்து எது? முதல் சந்தேகம் கருத்தரிக்கும் முன் தாய்க்கு இருந்த எடை. எடை கூடிய தாய்க்கு ரத்த அழுத்தம், கர்ப்பகால நீரிழிவு ஆகியவை வரும் வாய்ப்பு அதிகம். குழந்தை பெரிதாக வளரும் வாய்ப்பும் அதிகம். இவை எல்லாமே சிசேரியனை நோக்கித் தள்ளும். அதே தாயின் குழந்தை, எந்த வழியாகப் பிறந்தாலும், பிற்காலத்தில் எடை கூடுவதற்கான வாய்ப்பு அதிகம். மரபணு பாதி, வீட்டுச் சாப்பாடு மீதி. ஆகவே அறுவையில் பிறந்தவர்களையும் மற்றவர்களையும் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எடை பார்த்தால், நாம் உண்மையில் எடை கூடிய தாய்மாரின் பிள்ளைகளையும் எடை குறைந்த தாய்மாரின் பிள்ளைகளையும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

நம் ஊரில் கர்ப்பிணிகள் அனைவரும் இந்த இடத்தை ஒருமுறையாவது கடந்திருப்பார்கள். தம்ளர் தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து, பிறகு ரத்தம் எடுப்பார்கள். தித்திப்பில் குமட்டிக்கொண்டு வரும், வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சர்க்கரை 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு என்று எழுதுவார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த பெண்ணுக்கும் செய்யக்கூடிய இந்த எளிய ஒற்றைச் சோதனை முறையை முன்னெடுத்தவர் சென்னையின் நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யா. இந்தச் சோதனையில் மாட்டிய தாய்க்குச் சிசேரியன் ஆனால், பிறகு குழந்தை எடை கூடினால், பழியை எல்லோரும் சிசேரியன் மேல் போடுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து குடித்த குளுக்கோஸ் சொன்ன செய்தியை மறந்துவிடுவார்கள்.

சுவீடனில் இந்தச் சந்தேகத்தை நேராகச் சோதித்தார்கள். அங்கே ஒவ்வொரு பேற்றின் விவரமும் தாயின் எடையோடு அரசுப் பதிவேட்டில் ஏறுகிறது. அந்நாட்டு இளைஞர்கள் 18 வயதை ஒட்டி ராணுவச் சேர்ப்புக்குப் போகும்போது உயரமும் எடையும் அளக்கப்பட்டன. 1982 முதல் 1987 வரை பிறந்த 97 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் இந்த இரண்டு பதிவுகளையும் இணைத்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இயல்பாகப் பிறந்தவர்களில் 4.9 சதவீதம் பேர் பருமனாக இருந்தார்கள். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்த அறுவையில் பிறந்தவர்களில் 5.5 சதவீதம், வலி கண்ட பிறகு அவசரமாகச் செய்த அறுவையில் பிறந்தவர்களில் 5.6 சதவீதம். அதாவது வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்தது. கருத்தரிக்கும் முன் தாய்க்கு இருந்த உடல் நிறை எண் முதலியவற்றைக் கணக்கில் சேர்த்ததும், சொல்லும்படியான வித்தியாசம் மிஞ்சவில்லை.

இந்த எண்களுக்குள் இன்னொரு குறிப்பும் இருக்கிறது, நான் மிகவும் ரசித்தது அதைத்தான். பனிக்குடம் உடைந்து, பல மணி நேரம் வலி கண்டு, கடைசியில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தை, தாயின் பாக்டீரியாக்களை ஓரளவு ஏற்கெனவே சந்தித்திருக்கும். நாள் குறித்து எடுத்த குழந்தை அவற்றைச் சந்தித்தே இருக்காது. பாக்டீரியாதான் முழுக் காரணம் என்றால், நாள் குறித்து எடுத்தவர்களிடம்தான் எடை தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். 5.5க்கும் 5.6க்கும் என்ன வித்தியாசம்?

சரி, அமெரிக்க ஆய்வும் தாயின் எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டதே, உடன்பிறந்தவர்களுக்குள் வித்தியாசம் கண்டதே என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். முன்பு ஒருமுறை அறுவைப் பேறு ஆன தாய்மாரில், அடுத்து இயல்பாகப் பிறந்த பிள்ளைக்கு, மறுபடியும் அறுவையிலேயே பிறந்த பிள்ளைகளைவிடப் பருமன் வாய்ப்பு 31 சதவீதம் குறைவு என்றும் அந்த ஆய்வு கண்டது. ஆனால் ஒருமுறை சிசேரியன் ஆனால் மறுமுறையும் சிசேரியன்தான் என்பது பெரும்பாலான இடங்களில் நடைமுறை. அதை மீறி இரண்டாவது குழந்தையை இயல்பாகப் பெறுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு. உடல்நிலை சீராக உள்ளவர்கள், குழந்தையின் எடை அளவோடு இருந்தவர்கள் என்று சலித்தெடுத்தவர்களாகவும் இருப்பார்கள். ஒரே தாயானாலும் இரு கர்ப்பங்களும் ஒன்றல்ல. முதல் குழந்தையின்போது 55 கிலோ இருந்தவர் இரண்டாவதின்போது 68 கிலோவில் நிற்பதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். கணக்கில் சேர்க்கப்பட்ட காரணங்களை நீக்கலாம். எவரும் எழுதிவைக்காத காரணத்தை எந்தக் கணக்காலும் நீக்க முடியாது. இதை ஒரேயடியாகத் தீர்க்க, ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்கிப்போட்டுப் பாதிப் பேருக்கு அறுவை, பாதிப் பேருக்கு இயல்புப் பேறு என்று ஒதுக்கி, பிள்ளைகளை இருபது ஆண்டுகள் பின்தொடர வேண்டும். உடல்நலத்தோடு இருக்கும் பெண்ணின் வயிற்றைச் சீட்டில் விழுந்ததற்காக அறுக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார், துணியவும் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், இரண்டுக்கும் இடையே மெல்லிய தொடர்பு ஒன்று இருக்கக்கூடும், ஆனால் அதில் பெரும்பகுதி தாயின் எடையும் குடும்பச் சூழலும் பின்னாலிருந்து இழுப்பதால் தெரிவது என்றே சொல்வேன். தொடர்பை முழுவதும் உண்மை என்று ஏற்றுக்கொண்டாலும் அது எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் விகிதப்படி ஆயிரம் குழந்தைகளில் 450 பேர் அறுவையில் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இயல்பாகப் பிறந்தவர்களில் பத்தில் ஒருவர் பருமனாவார், அறுவையில் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு 15 சதவீதம் கூடுதல் என்றும் கொள்வோம். ஆயிரம் பேரில் ஏறத்தாழ 107 பேர் பருமனாவார்கள். அறுவையே நடக்காதிருந்தால் 100 பேர் ஆகியிருப்பார்கள். அந்த ஏழு பேரைப் பற்றித்தான் இத்தனை விவாதமும். மீதி நூறு பேரை யாரும் விசாரிப்பதில்லை.

இன்னொரு சான்று நம் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் உடல் நிறை எண் 25ஐ எட்டியவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் 40.4 சதவீதம். ஆண்களில் 28.2இலிருந்து 37.0. இந்தக் கணக்கெடுப்பில் அளக்கப்பட்டவர்கள் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்கள், அதாவது பெரும்பாலும் 1970 முதல் 2000 வரையான ஆண்டுகளில் பிறந்தவர்கள். அன்று மாநிலத்தில் சிசேரியன் இன்றைய அளவில் பாதிகூட இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இயல்பாகவே பிறந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் பத்துப் பேரில் ஒருவர் கூடுதலாக எடை ஏறியதற்குப் பிறப்பு முறையைக் காரணம் காட்ட வழியே இல்லை. ஷிஃப்டு முடிந்து இரவு பதினொரு மணிக்குச் சாப்பிடும் பரோட்டாவையும், பர்மா பஜார் பக்கம் நின்றபடி ஒரு தட்டு அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டில் மறுபடியும் உட்காரும் பழக்கத்தையும், நடக்க நடைபாதை இல்லாத தெருக்களையும் விசாரித்தால் ஏதாவது பதில் கிடைக்கும்.

அப்படியானால் அறுவையில் பிறந்த குழந்தைக்காகச் செய்ய ஏதேனும் உண்டா? தாயின் பிறப்புப் பாதைத் திரவத்தைத் துணியில் நனைத்துக் குழந்தையின் மேல் தடவும் முறை ஒன்றைச் சில நாடுகளில் ஆய்வு செய்கிறார்கள். தாயிடம் தெரியாமல் இருக்கும் தொற்று அப்படியே குழந்தைக்குப் போய்விடும் அபாயம் உண்டு. ஆய்வுக்கு வெளியே இதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2017இல் அறிவுறுத்தியது. இணையத்தில் பார்த்துவிட்டு வீட்டில் முயலக்கூடிய காரியம் அல்ல அது. சோதித்துத் தெளிந்த வழி தாய்ப்பால்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்தே இருக்கிறார். உதவிக்கு ஒருவர் இருந்து குழந்தையை மார்பில் பிடித்துக்கொண்டால் முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுக்கலாம். பல இடங்களில் நடப்பது வேறு. தாய் வார்டுக்கு வருவதற்குள் வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் பால் பவுடர் டப்பா வாங்கிவரச் சொல்லிவிடுகிறார்கள், அல்லது பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்துவிடுகிறார். பால் ஊறவில்லை என்று தாயைக் குறை சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் காசிமேட்டுக்குப் போய்ப் பால் சுறா வாங்கிவந்து புட்டு செய்து கொடுப்பார்கள். பால் சுறா புட்டு நல்ல சாப்பாடுதான், புரதம் நிறைந்தது. ஆனால் பாலை ஊறவைப்பது குழந்தை சப்புவது; சப்ப விடாமல் புட்டியைத் திணித்துவிட்டுச் சுறாவை நம்பிப் பயனில்லை.

அறுவை தேவைப்படும் இடத்தில் எடையைப் பற்றிய இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்துக் கிடந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே போனாலோ, சிசேரியன் இரண்டு உயிரைக் காப்பாற்றும். கையெழுத்துக் கேட்கும் நேரத்தில், பிள்ளை பின்னால் குண்டாகிவிடுமே என்று எவரும் தயங்கக் கூடாது. தேவையே இல்லாமல், அமாவாசை கழியட்டும், நட்சத்திரம் அமையட்டும் என்று நாள் குறித்து வயிற்றைத் திறப்பதுதான் கேள்விக்குரியது. மருத்துவக் காரணம் ஏதும் தென்படாத அறுவைகளில் பருமன் வாய்ப்பு 30 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது என்று அதே அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டாலும், அடுத்த பேற்றில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்வது, ரத்தப்போக்கு என்று தாய்க்கு நேரக்கூடியவையே தேவையற்ற அறுவையைத் தவிர்க்கப் போதுமான காரணங்கள். "தண்ணி வத்திப்போச்சு", "கொடி சுத்திக்கிச்சு" என்று சொல்லப்படும்போது, எவ்வளவு, உடனே செய்ய வேண்டுமா, காத்திருக்க முடியுமா என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

தொண்டியார்பேட்டையில் அந்தச் செவிலியர் சிசேரியனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பி முந்தைய புள்ளிகளைப் பார்த்தார். பிறக்கும்போது 2.9 கிலோ. ஆறாவது மாதம் வரை புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டியே போயிருந்தன. அதற்குப் பிறகுதான் கோடு செங்குத்தாக ஏறத் தொடங்கியிருந்தது. "ஆறு மாசத்துல என்ன மாத்துனீங்க?" என்று தாயிடம் கேட்டார். வேலைக்குப் போக ஆரம்பித்ததாகவும், அப்போதிலிருந்து பகலில் ஆயா புட்டிப் பால் கொடுப்பதாகவும் தாய் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை புட்டி, ஒரு புட்டிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று அடுத்த கேள்வி வந்தது. ஆயா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.